தவறணையும் நம் சிறுகதைகளும்

நம் பத்திரிகைகளில் மாதந்தோறும் வெளிவரும் சிறுகதைகளில் ஒரு வகை உண்டு. சம்பள நாளன்று தொழிலாளி ஒருவன் தவறணைக்குள் நுழைகிறான். இருட்டிய பின் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்புகிறான். மனைவியிடம் காசு கேட்கிறான், அவள் மறுக்கிறாள். விறகுக்கட்டையோ கத்தியோ அவன் கைக்கு வருகிறது. அயலவர் கூடுகின்றனர். பொலிஸ் ஜீப் வந்து நிற்கிறது. கடைசி வரியிலே கதாசிரியர் ஒரு பெருமூச்சு விடுகிறார். கதை முடிகிறது.

பாடசாலையில் மாணாக்கர் எழுதும் 'மதுவின் தீமைகள்' என்னும் கட்டுரை இக்கதையின் சுருக்கம். பரிசளிப்பு விழாக்களில் பிரமுகர்கள் ஆற்றும் உரை இதன் விரிவு. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இத்தகைய கட்டுரைகளைத் திருத்தும் தொழிலில் நாம் இருக்கிறோம். கதையும் கட்டுரையும் உரையும் ஒரே தீர்ப்பையே கூறுவதைக் காண்கையில் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. மூன்றும் ஒரே இடத்தில் பார்வையிழந்திருக்கின்றனவோ?

இக்கதைகளில் வருவது பொய்யன்று. அத்தகைய வீடுகள் உண்டு. அத்தகைய இரவுகளும் உண்டு. ஆயினும் கதையிலே ஒரு பாத்திரம் விடுபட்டிருக்கிறது. தவறணை அங்கே எப்பொழுது வந்தது? யார் அனுமதித்தார்? யார் பெயரில் உரிமம் இருக்கிறது? அதன் வருமானம் எங்கே போகிறது? கதாசிரியர் இவற்றுள் ஒன்றையும் கேட்பதில்லை. மழையைப்போல, மலையைப்போல, தவறணையும் ஆதிமுதல் அங்கே இருந்ததாகவே கதை நடக்கிறது. குடித்தவன் கூண்டில் ஏற்றப்படுகிறான்; கடை சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை. இதைக் கலைக்குறை என்று மட்டும் கூறி விட்டுவிட முடியாது. சமுதாயத்தைக் காணும் பார்வையில் உள்ள குறை இது.

நாம் கற்பிக்கும் பிரதேசத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகலை நோக்கிச் செல்லும் பெருவீதியில், மலைநாடு முடிந்து தாழ்நிலம் தொடங்கும் விளிம்பில் அமைந்துள்ளது கலகெதர. கண்டி இராச்சியத்தின் வாசல்களுள் அது ஒன்று. 1803இல் கண்டியைப் பிடிக்க வந்த ஆங்கிலப் படை முதலில் கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த காவலரண்களைக் கைப்பற்றிய பின்னரே மேலே ஏற முடிந்தது. அக்காலத்தில் படை ஏறிய வாசல் வழியாகவே பின்னர் சரக்கும் ஏறியது. சிங்களக் கிராமத்தவர், முஸ்லிம் வியாபாரிகள், தமிழ்த் தொழிலாளர் யாவரும் பொருள் வாங்கவும் பேருந்து ஏறவும் கூடும் சந்திகள் இவ்வீதி நெடுகிலும் உண்டு. இத்தகைய சந்திகளிலேதான் மதுக்கடைகள் அமைகின்றன. மக்கள் காசோடு வந்து காத்து நிற்கும் இடத்தை வியாபாரி அறிவான். அங்கே கடை திறப்பது ஒரு கணக்கின் விளைவு.

அந்தக் கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 'தவறணை' என்னும் சொல்லே தமிழன்று, போர்த்துக்கேயர் தந்தது. ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த சாராயக் குத்தகை முறையை ஆங்கிலேயர் மேலும் வளர்த்தனர். ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும். கூடிய விலை கேட்டவன் குத்தகைக்காரன் ஆவான். அவன் உட்குத்தகை கொடுத்து ஊரூராகத் தவறணை திறப்பான். கொடுத்த பணத்தை மீட்டு இலாபமும் காண வேண்டுமாயின் அவன் செய்யத்தக்கது ஒன்றே: மேலும் விற்றல். கோப்பிப் பயிர்ச்செய்கை கண்டி மலைகளில் பரவித் தொழிலாளர் கூட்டம் பெருகவே குத்தகையின் மதிப்பும் பெருகிற்று. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா சாராயக் குத்தகையில் பொருளீட்டியவர். கண்டி மன்னருக்கு உரியதாயிருந்த ஹங்குராங்கெத்தைத் தோட்டத்தை அவர் 1837இல் விலைக்கு வாங்கினார். அரசன் தோட்டம் குத்தகைக்காரன் கைக்கு மாறிய அந்த ஒரு கைமாற்றத்தில் ஒரு யுகத்தின் மாற்றத்தையே காணலாம். குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல், இலங்கை முதலாளி வர்க்கத்தின் முதற்பணம் எவ்வாறு சாராயக் குத்தகையிலிருந்து திரண்டது என்பதை விரிவாக எடுத்துக்காட்டுகிறது.

இவ்வாறு, தொழிலாளி குடித்த ஒவ்வொரு கால் போத்தலிலிருந்தும் ஒரு பங்கு அரசாங்கக் கருவூலத்துக்கும், ஒரு பங்கு வருங்காலப் பெரும் குடும்பங்களின் பெட்டகத்துக்கும் சென்றது. தலைவலியும் வழக்கும் அவனுக்கு எஞ்சின.

இலக்கியத்தின் பக்கம் திரும்புவோம். நம் பழைய இலக்கியம் கடையை அறியாததன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை எண்ணும்போது கள் விற்கும் மனையில் பறக்கும் கொடியையும் சேர்த்தே எண்ணுகிறது. சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்து மக்களைக் கூறுமிடத்துக் கள் விற்கும் பெண்டிரையும் கூறுகிறது. அவை வாணிகத்தைக் கண்டன, தீர்ப்புக் கூறவில்லை. அறநூல்கள் தீர்ப்புக் கூறின. திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமை, உண்பவனின் மானமும் அறிவும் அழிவதைப் பத்துக் குறளில் பேசுகிறது. வள்ளுவர் காலத்தில் அது போதுமானதாயிருந்திருக்கலாம். மதுவை வரிப்பணமாக்கிய அரசோ, மாத இலக்கு வகுத்து விற்ற வணிகமோ அவர் முன் இருந்ததில்லை. நாம் செய்யும் பிழை, இருபத்தோராம் நூற்றாண்டுக் கடையை வைத்துக்கொண்டு, உண்பவனை மட்டும் நோக்கிய பழைய அறவுரையையே திரும்பத் திரும்ப எழுதுவதாகும்.

அறவுரையாளரின் பிழை இது. நம் அணியினரிடமும் ஒரு பிழை உண்டு. அதையும் கூற வேண்டும். 'வறுமையே குடிக்குக் காரணம். குடியே குற்றத்துக்குக் காரணம். ஆகவே வறுமையை ஒழித்தால் இரண்டும் ஒழியும். அதுவரை கடையைப் பற்றிப் பேசுவது சீர்திருத்தவாதிகளின் வேலை' என்று முற்போக்காளர் சிலர் வாதிடுவர். கேட்பதற்கு இது விஞ்ஞானபூர்வமாகத் தோன்றும். உண்மையில் இதுவும் கடையைக் கூண்டுக்கு வெளியே நிறுத்தும் வாதமே.

எங்கெல்ஸ் இவ்வாறு வாதிட்டவரல்லர். 1845இல் வெளிவந்த இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைபற்றிய நூலில், களைத்த உடலும் ஈரமான வீடும் நிச்சயமற்ற வேலையும் தொழிலாளியைக் குடிக்குள் தள்ளுவதைக் காட்டினார். அதே நூலில், 1830ஆம் ஆண்டுச் சட்டம் பியர்க் கடை திறப்பதை எளிதாக்கியதால் கடை ஒவ்வொருவன் வாசலுக்கும் வந்துவிட்டதையும் குறிப்பிட்டார். 1876இல் எழுதிய கட்டுரையொன்றில் இன்னும் தெளிவாகப் பேசினார். பிரஷ்யப் பண்ணையார்கள் உருளைக்கிழங்கிலிருந்து மலிவான சாராயம் வடிக்கத் தொடங்கியபின் தம் இளமைக்கால ஊர்ப்புறம் எவ்வாறு மாறிற்று என்பதை அவர் நினைவுகூர்கிறார். முன்னர் கேளிக்கையாய் முடிந்த குடி, இப்போது கைகலப்பாயும் கத்திக்குத்தாயும் முடிந்ததாம். பாதிரிமார் இறைபக்தி குறைந்ததே காரணம் என்றனராம். வழக்கறிஞர் நடன விருந்துகளைக் குறை கூறினராம். காரணம் சந்தையை நிரப்பிய மலிவுச் சாராயமே என்று எங்கெல்ஸ் முடிக்கிறார். அதே மனிதர், அதே வறுமை; மாறியது சரக்கின் விலையும் பெருக்கமுமே.

நம் காலத்து ஆய்வுகளும் இதனையே கூறுகின்றன. பிரேசில் நாட்டில் சாவோ பாவுலோவை அடுத்துள்ள தியாதேமா என்னும் தொழிலாளர் நகரில் கொலைகள் மலிந்திருந்தன. தொழிலாளர் கட்சியின் கையிலிருந்த நகராட்சி 2002 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது: இரவு 11 மணிக்கு மேல் மதுக்கடைகள் திறந்திருக்கலாகாது. 2007இல் வெளியான ஆய்வு, இவ்விதியின் பின் மாதத்துக்கு ஏறக்குறைய 9 கொலைகள் குறைந்ததாக மதிப்பிட்டது. தியாதேமாவின் வறுமை ஒரே மாதத்தில் ஒழிந்துவிடவில்லை. மக்கள் அனைவரும் திருவள்ளுவரைக் கற்றுத் திருந்திவிடவுமில்லை. கடையின் கதவு சில மணிநேரம் முன்னதாக மூடப்பட்டது. சில உயிர்கள் தப்பின.

மதுக்கடைக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று நிதானமாக நோக்கினால் நம் கதைகளின் வறட்சி புலனாகும். போதை மனிதனின் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது. இஃது ஒன்றே நம் கதாசிரியர் அறிந்தது. இன்னும் பல உண்டு. மூடும் நேரத்தில் பலரை ஒருசேர வீதிக்கு அனுப்பும் இடம் கடை. பழைய காணித் தகராறும் கடன் தகராறும் அங்கேதான் எதிரெதிரே சந்திக்கின்றன. சம்பளக் காசோடு நிலைதடுமாறி நடப்பவன், அடிப்பவனாவதற்கு முன் அடிபடுபவனாகவும் பறிகொடுப்பவனாகவும் ஆகிறான்; அவனது முறைப்பாட்டைப் பொலிஸில் எவரும் பொருட்படுத்துவதில்லை. உரிமம் பெற்ற சாராயத்தின் விலை ஏறும்போது கசிப்பு தோன்றுகிறது. கசிப்போடு கையூட்டும், காட்டிக்கொடுப்பும், ஊர்ச் சண்டியனின் பாதுகாப்பும் தோன்றுகின்றன. இவை யாவும் குற்றங்களே. ஆனால் குடித்தவனின் குற்றங்கள் அல்ல, சந்தையின் குற்றங்கள்.

இவற்றுள் பதிவேட்டில் ஏறுபவை எவை? கசிப்புக் காய்ச்சிய ஏழை பிடிபடுகிறான். வீதியில் கூச்சலிட்டவன் பிடிபடுகிறான். வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணின் காயம், அவள் படியில் தடுக்கி விழுந்ததாக மருத்துவமனையில் எழுதப்படுகிறது. குடும்ப வன்முறையைத் தடுப்பதற்கென 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் மறுநாள் அடுப்பு எரிய வேண்டிய கவலையுள்ள பெண்ணுக்கு நீதிமன்றம் கலகெதரவிலிருந்து கண்டியைவிடத் தொலைவில் இருப்பதாகவே தோன்றும்.

இந்த உண்மையை எமிலி சோலா 1877இலேயே எழுதிவிட்டார். அவரது 'லஸ்ஸொம்முவார்' நாவலில் பிஜார் என்பவன் குடிவெறியில் தன் மனைவியை உதைக்கிறான். அவளோ, கணவனைத் தண்டனையிலிருந்து காக்க எண்ணி, தொட்டியின்மேல் விழுந்ததால் வந்த காயம் என்று சொல்லிவிட்டுச் சாகிறாள். மாடிக்குடியிருப்பு முழுதும் அறிந்த கொலை, சட்டத்தின் ஏட்டில் விபத்தாகிறது. அந்த நாவலின் சிறப்பு அதோடு நில்லாது. அங்கே தவறணையும் ஒரு பாத்திரம். சாராயம் வடிக்கும் செம்புப் பொறி கடையின் உள்ளே ஓர் உயிருள்ள விலங்கைப்போல் ஓசையின்றி வேலை செய்துகொண்டேயிருக்கிறது. கதையின் தொடக்கத்தில் கூப்போ குடிக்காதவன். குடித்துவிட்டுக் கூரையிலிருந்து விழுந்து இறந்த தந்தையின் நினைவு அவனைக் காக்கிறது. பின்னர் அவனும், குடிக்காத நிலையிலேயே, வேலைத்தலத்துக் கூரையிலிருந்து விழுகிறான். வேலையற்ற அந்த நீண்ட நாட்களில்தான் அவன் கடையின் வழி நடக்கத் தொடங்குகிறான். அடிபட்ட தொழிலாளியை எவரும் தாங்கவில்லை, கடை தாங்கிக்கொண்டது. தனிமனிதனின் குற்றம் எவ்வாறு ஒரு தெருவின் குற்றமாகவும் ஒரு தொழில்முறையின் குற்றமாகவும் விரிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நாவல் அரிது. எங்கெல்ஸின் மேற்கூறிய கட்டுரை வந்த 1876லேயே இந்நாவலும் பத்திரிகைத் தொடராக வெளிவரத் தொடங்கியது என்பது கருதத்தக்கது.

ஆசியாவிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். கண்டியை அடுத்த தலாத்துஓயாவைச் சேர்ந்த கே. கணேஷ் லூ சுன்னைத் தமிழில் தந்தவர். நம் பிரதேச வாசகர் இதைப் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும். லூ சுன் 1919இல் எழுதிய 'குங் யீ சி' என்னும் சிறுகதை முழுவதும் ஒரு மதுக்கடையில் நிகழ்வது. கதை சொல்பவன் அங்கே வேலை செய்யும் சிறுவன். குட்டைச் சட்டை அணிந்த உழைப்பாளிகள் மேசையோரம் நின்று குடிக்கின்றனர். நீளங்கி அணிந்த செல்வர் உள்ளே அமர்ந்து குடிக்கின்றனர். நீளங்கியோடு நின்று குடிப்பவன் ஒருவனே. அவன் தேர்வில் தேறாத படிப்பாளி. சிறு திருட்டுகள் செய்கிறான், அடிபடுகிறான், கடையில் எல்லோரும் சிரிக்கின்றனர். இறுதியில் செல்வாக்குள்ள ஒருவர் வீட்டில் திருடியதற்காகக் கால்கள் முறிக்கப்படுகின்றன. கடைக்காரர் நினைவில் எஞ்சுவது பலகையில் எழுதப்பட்ட 19 காசுக் கடன் மட்டுமே. கதையில் எங்கும் உபதேசம் இல்லை. ஆயினும் மதுவில் தண்ணீர் கலக்கச் சொல்லும் முதலாளி, சட்டத்துக்கு வெளியே கால் முறிக்கும் பெரியவர், சிரிக்கும் கூட்டம், திருடிய ஏழை ஆகிய நால்வருள் குற்றவாளி யார் என்ற கேள்வி வாசகனின் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. சில பக்கங்களில் இது இயலுமாயின் நம் கதாசிரியருக்கு இடம் போதவில்லை என்று கூற முடியாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கடையை மறந்த கதைகளைக் கண்டிக்கும் நாம், எல்லாக் குற்றத்தையும் கடையின் தலையில் கட்டும் கதைகளையும் ஏற்கலாகாது. லெனார்ட் வுல்ஃப் 1907-08இல் கண்டிக் கச்சேரியில் பணியாற்றினார். போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேறுவதை மேற்பார்வை செய்யும் கடமையும் அவருக்கு இருந்தது. பின்னர் 1913இல் அவர் வெளியிட்ட, காட்டிலுள்ள ஒரு கிராமத்தின் கதையில், சிலிந்து என்னும் வேட்டைக்காரன் ஊர்த் தலைவனையும் வட்டிக்காரனையும் கொல்கிறான். அக்கொலைக்கு மது காரணமன்று. கடனும், சேனை நிலமும், பெண்ணின்மீது கண்வைத்த அதிகாரமுமே காரணம். எல்லாக் கொலையும் போத்தலிலிருந்து பிறப்பதில்லை.

பெருங்குற்றங்களை மறைக்கும் திரையாகவும் குடி பயன்பட்டிருக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்தோரைக் 'குடிவெறிக் கும்பல்' என்று கூறி ஒதுக்கிவிடுவோர் உண்டு. அக்கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. இடாப்பை எந்தத் தவறணையும் விற்பதில்லை. திட்டமிட்டோரைத் தப்பவைக்கவும் 'குடி' என்னும் ஒரு சொல் போதும் என்பதை நாம் மறக்கலாகாது.

மதுவிலக்கு இயக்கத்தின் வரலாறும் களங்கமற்றதன்று. 1904இலும், புதிய மதுவரிச் சட்டம் வந்த 1912இலும் இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் ஓங்கி எழுந்தது. ஆங்கிலேய வருமானத்தின் வேரில் அது கை வைத்தது. ஆனால் அவ்வியக்கத்தின் மேடைகளிலே இனப்பெருமையும் மதப்பெருமையும் கலந்தன. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் முஸ்லிம் மக்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் தாக்கியது. ஆங்கில அரசோ இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, நாவலாசிரியர் பியதாச சிறிசேன உள்ளிட்ட மதுவிலக்குத் தலைவர்களைச் சதிகாரர் என்று சிறையிலிட்டது. பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையிலும் இலண்டனிலும் அவர்களுக்காக வாதாடினார். முஸ்லிம் மக்கள்மீது இழைக்கப்பட்ட குற்றம் ஒன்று. சாராய வருமானத்தை எதிர்த்தோரையே குற்றவாளிகளாக்கிய அரசின் அநீதி மற்றொன்று. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலயலே வாழும் கலகெதர போன்ற ஊர்களில் இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும்.

யாழ்ப்பாணத்திலோ மதுவிலக்கின் குரல் பலவேளை சாதியின் குரலாக ஒலித்தது. கள் இறக்கும் தொழிலாளியை இழிந்தவனென்று ஒதுக்கிய உயர்சாதி வீடுகளே, மாலையில் அவன் இறக்கிய கள்ளை வேலியோரம் வாங்கின. கண்டி மலைப்புறக் கிராமங்களிலும் கித்துள் சீவுவோர் உள்ளனர். பாணியும் கருப்பட்டியும் அவர்கள் கைவேலையின் பயன். மரமேறி உயிரைப் பணயம் வைப்பவனையும், ஆலை வைத்து ஆயிரக்கணக்கில் போத்தல் அடைப்பவனையும் 'மது உற்பத்தியாளர்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் எழுத்து, முற்போக்கு எழுத்தாகாது.

எழுத்தினால் கடையை அசைக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். அசைத்ததுண்டு. 1929-30இல் இராஜாஜி திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் துணையாசிரியர். 1937 அக்டோபரில், சென்னை மாகாணப் பிரதமராக, அதே இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி விதித்தார். அந்த வரியின் சுமை யார்மீது விழுந்தது என்பது தனி விசாரணைக்கு உரியது. ஆயினும் கடையை மூடுவோன் கருவூலத்துக்கு விடை சொல்லியாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இதைவிடப் பெரிய நிகழ்ச்சி ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது. அங்கே எழுத்தறிவு இயக்கம் நடத்திய இரவு வகுப்புகளில், சாராயத்தால் குடும்பம் சிதைந்த சீதம்மா என்னும் பெண்ணின் கதை ஒரு பாடமாக இருந்தது. கூலிவேலை செய்யும் பெண்கள் எழுத்துக்கூட்டி அதைப் படித்தனர். அதில் வரும் பெண், கணவனைத் திருத்த முயல்வதோடு நிற்கவில்லை. ஊர்ப் பெண்களைக் கூட்டிக் கடையை மூடவைக்கிறாள். 1992இல் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் அவ்வாறே செய்தனர். தீ பரவிற்று, சாராய ஏலங்கள் தடுக்கப்பட்டன. 1993 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. நம் பத்திரிகைகளின் வழக்கமான கதைக்கும் அந்த எளிய பாடத்துக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. நம் கதை பொலிஸ் ஜீப்போடு முடிகிறது. அந்தப் பாடம் கடையின் வாசலில் தொடங்குகிறது. பாடத்தை எழுதியோர் இலக்கியப் பரிசு எதிர்பார்த்தவரல்லர். ஆனால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகக் கண்டிருந்தனர்.

அந்த வெற்றி நிலைக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். 1997இல் அரசின் வருவாய் நெருக்கடியைக் காரணம் காட்டி முழு மதுவிலக்கு நீக்கப்பட்டது. கருவூலம் மதுவை நம்பியிருக்கும் வரை மக்கள் மூடிய கடையை அரசு திறந்துகொண்டேயிருக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மதுக்கடையை அரசு நிறுவனமே நடத்திவருகிறது. ஆயினும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொன்றது. அரசே விற்றாலும் மிக ஏழை மலிவான நஞ்சையே நாடவேண்டியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் சட்டங்களுக்குக் குறைவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பதையும் மதுவுக்கு விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. போயா நாட்களில் கடைகள் மூடப்படுகின்றன. ஆனால் மதுவரித் திணைக்களம் நிதி அமைச்சின் கீழ் இயங்குவது. கசிப்பைப் பிடிப்பதும் அதன் கடமை; கருவூலத்துக்கு வருமானம் சேர்ப்பதும் அதன் கடமை. 2024 டிசம்பரில், அவ்வாண்டு வழங்கப்பட்ட நூற்றுக்கணக்கான மதுபான உரிமங்களின் விவரம் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. அவை அரசியல் ஆதரவுக்குக் கைம்மாறாக வழங்கப்பட்டவை என்னும் குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. குத்தகைக்காரன் மறைந்துவிட்டான் என்று யார் சொன்னார்? ஏலக்கூடம் மட்டும் இடம் மாறியிருக்கிறது என்ற ஐயம் மக்களுக்கு எழுந்ததில் வியப்பில்லை.

ஆகவே நம் கதாசிரியரிடம் நாம் கேட்பது உபதேசக் கதை அன்று. தவறணையை வில்லனாக்கும் பிரசாரக் கதையும் அன்று. தவறணையை ஒரு மனிதப் படைப்பாக, வரலாறும் முதலாளியும் உரிமமும் மூடும் நேரமும் உடைய ஒன்றாக, கண்டு எழுதுங்கள் என்றே கேட்கிறோம். குடித்தவன் அன்று எத்தனை மணிநேரம் உழைத்தான், எங்கே அடிபட்டான் என்று எழுதுங்கள். கசிப்புக்காரனைப் பிடித்த அதிகாரி எந்தக் கடையைக் கடந்து சென்று அவனைப் பிடித்தார் என்றும் எழுதுங்கள். அடிபட்ட பெண்ணை அழுகையாக மட்டும் காட்டாதீர். அவள் என்ன நினைக்கிறாள், யாரோடு பேசுகிறாள், ஏன் முறைப்பாடு செய்யவில்லை என்பதையும் காட்டுங்கள். குடித்தவன் தன் கையால் செய்த குற்றத்தின் பொறுப்பை இவை ஒன்றும் நீக்கிவிடா. அவள்மீது விழுந்த அடி அவனுடைய அடியே. ஆனால் அந்தப் பொறுப்பில் பங்காளர் உளர். அவர்களையும் பெயர் சொல்லி அழைப்பதே யதார்த்தம்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் வகுப்பிலே 'மதுவின் தீமைகள்' கட்டுரை எழுதும் மாணாக்கருள் சிலர், தம் தந்தையின்மீதே குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருக்கின்றனர். தலைகுனிந்து எழுதும் அந்தப் பிள்ளைக்கு நாம் தரும் தலைப்பு, அவன் வீட்டுக்குள்ளேயே அவனைச் சிறைவைக்கலாகாது. அடுத்த தவணையில் தலைப்பை மாற்றிக் கொடுப்போம்: 'நம் ஊர்ச் சந்தியில் மதுக்கடை வந்த வரலாறு.' பிள்ளைகள் முதியோரிடம் கேட்கட்டும். பிரதேச செயலகத்தில் கேட்கட்டும். எந்த நாளில், எந்த மணியில் சண்டை மூளுகிறது என்று கடைத்தெருவில் கேட்கட்டும். விசாரித்து எழுதும் அந்தக் கையிலிருந்து, நாம் இதுவரை படித்திராத சிறுகதை ஒன்று நாளை பிறக்கக்கூடும்.